சாம்பல் கோட்டில் விழுந்த பந்து

"கோயில் பத்திரிகைக்கு எழுதுற பிள்ளைக்கு, பந்து உள்ள விழுந்துச்சா வெளிய விழுந்துச்சான்னு எங்க தெரியப்போகுது?"

போடி பஸ் நிலையத்துக்கு எதிரே பேப்பர் ஏஜென்சி வைத்திருந்தவர் என்னிடம் இப்படிக் கேட்டார். மதுரையிலிருந்து வரும் நாளிதழுக்கு எங்கள் பகுதிச் செய்திகளை அனுப்புகிறவரும் அவர்தான். விளையாட்டுச் செய்திகளை நான் எழுதித் தருகிறேன் என்று கேட்டுப் போயிருந்தேன். அப்போது எனக்கு இருபது வயது. நான் எழுதியவை என்று காட்ட என் கையில் எங்கள் கிறிஸ்தவச் சபையின் மாத இதழ்கள் நான்கு இருந்தன. அவர் அவற்றை நிதானமாகப் புரட்டினார். அதன் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. கேலி செய்யவில்லை, மெய்யாகவே சந்தேகப்பட்டார். "கோவிச்சுக்காத ஆத்தா" என்று சொல்லி ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

கோபித்துக்கொண்டேன். அவர் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலை நிமிரும், அதை மறைக்கப்போவதில்லை. அப்பாவும் அம்மாவும் மலையில் ஏலத்தோட்டத்துத் தொழிலாளிகள். வரிசைக் குடியிருப்பான லயத்தில் எங்களுக்கு ஒரே அறை. போதகரின் மனைவி ஒருமுறை மலைக்கு வந்தபோது, போடியில் சபை நடத்தும் பெண்கள் விடுதியில் ஓர் இடம் இருக்கிறது என்றார். அப்பா யோசிக்கவே இல்லை. தகரப் பெட்டி ஒன்றை வாங்கி என்னை ஜீப்பில் ஏற்றிவிட்டார். என்னைவிட மூன்று வயது மூத்த அண்ணன் தோட்டத்திலேயே இருந்துவிட்டான். எனக்காக அவன் படிப்பை விட்டுக்கொடுத்தான் என்று கதை கட்டமாட்டேன். அவனுக்குப் படிப்பில் ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. பந்தில்தான் ஆசை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அதே விடுதியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது; பிள்ளைகள் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். சபை இதழுக்கு எழுத ஆரம்பித்தது அங்கேதான். ஞானஸ்நானம், அறுப்பின் பண்டிகை, யார் வீட்டில் ஜெபக்கூட்டம் என்று எழுதினேன். அதோடு விடாமல், விடுதிப் பிள்ளைகள் ஓட்டத்தில் பரிசு வாங்கினால் அதையும் எழுதினேன். சபை இதழில் விளையாட்டா என்று சிலர் முகம் சுளித்தார்கள். போதகர் அதை அப்படியே அச்சுக்குக் கொடுத்தார். அந்த நன்றி இன்றும் எனக்கு உண்டு. பக்கம் நிரம்பவில்லை என்பதுதான் காரணம் என்று பின்னால் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். காரணம் எதுவானாலும் நன்றி நன்றிதான்.

தோட்டத்தில் வருஷா வருஷம் ஜனவரியில், காய் பறிப்பு ஓய்கிற நேரத்தில், வாலிபால் போட்டி நடக்கும். பறித்த பச்சைக் காயை விறகுச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்துக்கு எங்கள் பக்கம் ஸ்டோர் என்று பெயர். அதன் முன்னால் இருக்கும் மண் களம்தான் மைதானம். கோடு போடச் சுண்ணாம்புப் பொடி வேண்டுமென்றால் கீழே போடியிலிருந்து வர வேண்டும். சாம்பலோ ஸ்டோர் அடுப்பில் குவிந்து கிடக்கும். அண்ணனுக்கு ஸ்டோரில்தான் சோலி. சாம்பலைச் சலித்து, அடியில் ஓட்டை போட்ட பால் டப்பாவில் அடைத்து, குனிந்து தட்டிக்கொண்டே பின்னால் நடந்து கோடு போடுவான். கயிறு பிடித்த மாதிரி நேராக இருக்கும். ஆட்டத்தின் நடுவில் பனி இறங்கினால் கோடு அழியும். மறுபடியும் போடுவான். பிறகு டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு அவனே ஆட இறங்குவான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. இறுதி ஆட்டத்துக்கு முந்தின ஞாயிறு, எங்கள் அணியார் பந்தைக் கொண்டுவந்து தோட்டத்துச் சின்னக் கோயிலில் பீடத்தின் முன்னால் வைப்பார்கள். உபதேசியார் அதன்மேல் கை வைத்து ஜெபம் செய்வார். ஜெயித்தால் அடுத்த ஞாயிறும் அந்தப் பந்து, துடைக்காமல் கழுவாமல், நன்றிக் காணிக்கையாக அதே இடத்துக்கு வரும்.

அந்த வருஷம் இறுதி ஆட்டத்துக்கு வந்தது, மலைக்குக் கீழே இருக்கும் சிலமலைக் கிராமத்து அணி. எல்லாரும் விவசாயம் பார்க்கிறவர்கள். மலையடிவாரத்தில் தேங்காய் உடைத்துவிட்டு, இரண்டு ஜீப்பு நிறைய ஆட்களோடு மேலே வந்தார்கள். நடுவர் கேரளப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். மூலைக் கோடுகளைப் பார்க்கத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையை நிறுத்தியிருந்தார்கள். கொடி கிடையாது, தோளில் கிடக்கும் துண்டுதான். பந்து வெளியே போனால் துண்டைத் தூக்குவார். பெண்களுக்கு ஸ்டோர் சுவர் ஓரம் இடம். நான் சபை இதழுக்கு எழுதப் போகிறவள் என்பதால் முன்னால், பின்கோட்டின் மூலைக்குப் பக்கத்தில், ஒரு சாக்கை விரித்து உட்காரவைத்தார்கள். கையில் நோட்டு.

மூன்றாவது செட். பதினான்குக்குப் பதிமூன்று. எங்கள் பக்கம் ஒரே ஒரு பாயின்ட் எடுத்தால் ஆட்டம் முடிந்தது. சர்வீஸ் எங்களுடையது. சிலமலையின் உயரமான ஆட்டக்காரர் ஒருவர் எழும்பி அடித்தார். பந்து பின்கோட்டை நோக்கி வந்தது. அங்கே நின்ற அண்ணன் கையை மடக்கிக்கொண்டு விலகினான். வெளியே போகும் என்று விட்டுவிட்டான். பந்து விழுந்தது. கோட்டிலிருந்து சாம்பல் புஸ்ஸென்று எழுந்து என் பாவாடை வரை வந்தது.

கோட்டைத் தொட்டால் உள்ளே. இது எனக்குத் தெரியும். கணக்கப்பிள்ளை அந்த நேரம் யாரிடமோ திரும்பி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்துத் துண்டைத் தூக்கினார். நடுவர் விசில் ஊதினார். களம் முழுக்க எங்கள் ஆட்கள். சிலமலைக்காரர்கள் கேட்டது யார் காதிலும் விழவில்லை.

பந்து உள்ளே என்று சொல்லியிருந்தால் சிலமலை ஜெயித்திருக்கும் என்று சொல்லமுடியாது. சர்வீஸ் போட்ட பக்கத்துக்கு மட்டும்தான் பாயின்ட் என்பது எங்கள் களத்தில் இருந்த பழைய விதி; அதனால் அவர்களுக்குப் பாயின்ட்கூட வந்திருக்காது. சர்வீஸ் மட்டும் மாறியிருக்கும். ஆட்டம் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கும், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் இந்தக் கணக்கையே எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே எழுதினேன். சபை இதழ்களில் எழுதிப் பழகிய கை தானாக ஓடியது. கர்த்தர் நம் பிள்ளைகளுக்கு ஜெயம் தந்தார் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், எதிரணியின் கடைசிப் பந்து கோட்டுக்கு வெளியே விழும்படி அவர் செய்தார் என்றும் எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே தோன்றிய வாக்கியம் அதுதான்.

இதழ் அச்சாகி வந்ததும் மலைக்கு எடுத்துப்போய் வீட்டில் வாசித்தேன். அண்ணன் பெயரும் எங்கள் தோட்டத்துப் பெயரும் அச்சில் இருந்தன. அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. அண்ணன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. அம்மா சோறு வடித்த கஞ்சியைத் தொட்டு அந்தப் பக்கத்தைச் சுவரில் ஒட்டினாள். அண்ணன் பந்துக்குக் காற்றடிக்கப் போய்விட்டான்.

இரண்டு வாரம் கழித்து, சந்தை நாளில், விடுதி வாசலில் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். சிலமலை அணியில் எழும்பி அடித்த அதே ஆள். பின்னால் கேரியரில் காலியான தக்காளிக் கூடைகள். அவருடைய தங்கை எங்கள் சபைப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது படிக்கிறவள். அவள் வீட்டுக்குக் கொண்டுபோன சபை இதழ் அவர் கையில் மடித்திருந்தது.

"டீச்சர், என் தங்கச்சி இத வாசிச்சுக் காட்டுச்சு. நல்லா எழுதியிருக்கீங்க."

நான் நன்றி சொன்னேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க ஜெபம் பண்ணுன பந்துதான அது? அதத்தான நாங்களும் அடிச்சோம்?"

ஆமாம் என்றேன்.

"அப்ப உங்க சாமி ரெண்டு பக்கமும்தான இருந்திருக்கும். அந்தக் கடைசிப் பந்த அது பாக்கலையா?"

கேரியரில் சரிந்த கூடையை நிமிர்த்தி வைத்தேன்.

"நீங்க பாத்தீங்க டீச்சர். அந்த மூலையிலதான உக்காந்திருந்தீங்க. பாவாடையத் தட்டுனீங்க. நான் பாத்தேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "கோப்பைய நீங்களே வச்சுக்கங்க. எங்க வீட்டுல அதுல மோர் ஊத்திக் குடிக்கப்போறதில்ல. சாமியே தள்ளிவிட்டுச்சுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான் எங்க ஆத்தாவுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. தேங்கா ஒடச்சுட்டு வந்த பிள்ளைகள எதுக்குத் தள்ளுச்சுன்னு கேக்குது."

சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

ஜெபத்தோடே வளர்ந்த எங்களுக்கு இது வாய்தவறி வருகிற தவறு. பஸ் கிடைத்தாலும் கர்த்தர் தந்தார் என்போம். பந்து எங்கே விழுந்தது என்று பார்க்கவேண்டிய என் வேலையை, பார்த்துவிட்ட பிறகும், அவர் தலையில் போட்டுவிட்டேன். ஏஜென்சிக்காரர் கேட்ட கேள்வி இப்போதுதான் உறைத்தது. பந்து உள்ளே விழுந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதவில்லை.

திருத்தி எழுதவேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கோட்டில் நின்றவன் என் அண்ணன். சுவரில் ஒட்டியிருப்பது அப்பாவின் பக்கம். அதை நானே கிழிக்கவேண்டும். சனிக்கிழமை காலை முதல் ஜீப்பில் மலைக்குப் போனேன். வளைவுக்கு வளைவு ஒரு வாக்கியம் யோசித்தேன். எதுவும் நிற்கவில்லை.

அண்ணன் ஸ்டோரில் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தான். சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவன் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

"கோடு போட்டவன் நான். எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏண்ணே சொல்லல?"

"எப்பச் சொல்ல? எல்லாரும் தூக்கிக் குதிக்கிறாக. பெறகு நீ வேற எழுதிக் கொண்டாந்துட்ட. அப்பா அந்தப் பேரத் தடவிப் பாத்தாரு. அதுக்கு மேல என்னத்தச் சொல்ல?"

நான் திருத்தம் எழுதப்போகிறேன் என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். முகமெல்லாம் சாம்பல்.

"எழுது. கணக்கப்பிள்ளைய எழுதாத, அவரு பொழப்பு போயிரும். என்னைய எழுது. கோட்டுல நின்னவன் பாத்தான், வாயத் தொறக்கலன்னு எழுது."

"உன்னைய எதுக்குண்ணே எழுதணும்? எழுதுனவ நான்."

"செரி, ரெண்டு பேரையும் போடு. வெரசா எழுது, கீழ போற லோடு வண்டி கெளம்புது."

அங்கேயே, காய்ச் சாக்கின்மேல் உட்கார்ந்து எழுதினேன். பந்து கோட்டின்மேல் விழுந்தது, அதைப் பக்கத்தில் இருந்து நான் பார்த்தேன், என் அண்ணனும் பார்த்தான், அது உள்ளே, அதை வெளியே தள்ளியது கர்த்தர் அல்ல, எங்கள் மௌனம், சிலமலை ஆட்டக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நான் எழுதியவற்றிலேயே மிகச் சிறியது அது. ஒரு வார்த்தையைக்கூட அழகாக்கவில்லை.

போதகர் அதை இரண்டு தரம் வாசித்தார். அச்சுப் பிழைக்குத் திருத்தம் போட்டிருக்கிறோம், சாட்சிக்குத் திருத்தம் போட்டதில்லையே என்றார். சபைக் கமிட்டியில் கேட்பார்கள் என்றார். பிறகு எழுந்துபோய் அச்சகத்துக்குக் கொடுக்கும் காகிதங்களோடு அதையும் வைத்தார். கமிட்டியில் கேட்கத்தான் செய்தார்கள். இனி இந்தப் பிள்ளை சபை இதழில் எழுதக்கூடாது என்று ஒரு மூப்பர் சொன்னதாகவும், அப்படியானால் பக்கத்தை யார் நிரப்புவது என்று போதகர் கேட்டதாகவும் பின்னால் தெரிந்தது.

மலையில் அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. அடுத்த ஜனவரிப் போட்டிக்கு அண்ணனை அணியில் சேர்க்கவில்லை. கோடு மட்டும் போடச் சொன்னார்கள்; போட்டான். ஜீப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள், கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தவள் என்று என் காதில் விழும்படி பேசிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும், "சுவரோரம் இருந்த நாமளும்தான் சாம்பல் எழும்புனதப் பாத்தோம், நம்ம யாரு வாயத் தொறந்தோம்?" என்றாள். அதன் பிறகு ஜீப்பில் அந்தப் பேச்சு நின்றது.

நான் பயந்தது அப்பாவை நினைத்துத்தான். திருத்தம் வந்த இதழை எடுத்துப்போய், சுவரில் இருந்த பழைய பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். முடித்ததும், இதிலும் அவன் பெயர் இருக்கிறதா என்று அப்பா கேட்டார். இருக்கிறது என்றேன். எங்கே என்று கேட்டு விரலை வைத்தார். என் பெயர் எங்கே என்றும் கேட்டார். முதல் கட்டுரையில் என் பெயர் கிடையாது; சபை நிருபர் என்றுதான் இருக்கும். இதில் கீழே இருந்தது. அதையும் காட்டினேன்.

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டு" என்றார்.

அம்மா கஞ்சி எடுத்துவந்தாள். இன்றும் அந்த இரண்டு பக்கங்களும் புகை ஏறி மஞ்சளாகி அங்கே இருக்கின்றன.

ஏஜென்சிக்காரர் அந்த இதழை எங்கே பார்த்தாரோ தெரியாது. ஒருநாள் விடுதிக்கு ஆள் அனுப்பி வரச்சொன்னார். "நீ எழுதுனதுல சொந்தக்காரன், கோயில்காரன் எல்லாருக்கும் கோவமாமே. அப்ப நீ செய்தி எழுதலாம்" என்றார். அந்த வாரமே தேவாரம் என்ற ஊரில் ஒரு கபடிப் போட்டிக்குப் போகச் சொன்னார். யானை புகுந்து மிதித்த சோளக்காட்டுக்கு அடுத்த காட்டில் ஆடினார்கள். வரப்பில் நின்று எழுதி, உறையின்மேல் அவசரம் என்று சிவப்பு மையில் எழுதி, மதுரை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தேன். மூன்றாம் நாள் நாளிதழில் நான்கு வரி வந்தது. அதில் என் சொந்த வரி இரண்டு இருக்கும். ஆனாலும் அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு இந்த ஏழு வருஷத்தில் எத்தனை உறைகள் அந்த பஸ்ஸில் போயிருக்கும் என்று எனக்கே தெரியாது. எந்தப் பத்திரிகையிலும் நான் வேலையில் இல்லை. கேட்டால் எழுதித் தருவேன். கேட்காவிட்டாலும் எழுதி அனுப்புவேன். மதுரையிலிருந்து வரும் ஒரு கிறிஸ்தவ மாத இதழ், விளையாடுகிறவர்களின் விசுவாசத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதச் சொன்னது. நோன்பு வெள்ளியன்று சாப்பிடாமல் ஐந்து செட் ஆடிய பெண்ணைப் பற்றி எழுதினேன். தோற்றுவிட்டு வந்து பாட்டுப் பாடிய அணியைப் பற்றி எழுதினேன். பொட்டிபுரத்தில், குலசாமி கும்பிட்டுவிட்டுக் களத்தில் இறங்கும் சடுகுடு ஆட்டக்காரர்களைப் பற்றியும் அதே மரியாதையோடு எழுதினேன். ஜெபம் செய்தார்கள் என்று எழுதுவேன். கேட்டது கிடைத்தது என்று அவர்கள் சொன்னால், அவர்கள் சொன்னார்கள் என்று எழுதுவேன். யாரைக் கர்த்தர் ஜெயிக்கவைத்தார் என்று நான் எழுதுவதில்லை. அவரிடம் எனக்கு நம்பிக்கை குறைந்ததால் அல்ல. தினமும் காலையில் அவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பார்த்ததை எழுதும் தைரியம்.

சிலமலைக்காரரின் தங்கை இப்போது ஆசிரியைப் பயிற்சி முடித்துவிட்டாள். அவர் சந்தைக்கு வந்தால் விடுதி வாசலில் மணியடித்து, "டீச்சர், உள்ளயா வெளியயா?" என்று கேட்டுவிட்டுப் போவார். நான் விடுதிக்குள் இருக்கிறேனா என்றுதான் கேட்கிறார் என்று விடுதிப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒதுக்கிவைத்த அண்ணனை அதற்கு மறுவருஷமே அணியில் சேர்த்துக்கொண்டார்கள். அவனைப்போலக் கடைசிக் கோட்டில் நிற்க வேறு ஆள் இல்லை.

இந்த ஜனவரிப் போட்டிக்குக் கணக்கப்பிள்ளையின் துண்டு வேண்டாம், விதி தெரிந்த ஒருவர் கொடியோடு நிற்கட்டும் என்று எங்கள் அணியும் சிலமலை அணியும் சேர்ந்து கேட்டிருக்கின்றன. யார் என்று பேச்சு வந்தபோது சிலமலைப் பக்கம்தான் என்னைச் சொன்னதாம். அண்ணன் எதிர்க்கவில்லை. அம்மாவின் பழைய சிவப்புச் சேலையில் ஒரு துண்டு வெட்டி, ஏலச்செடிக்குப் பந்தல் போடும் மூங்கிலில் கட்டிக் கொடுத்தனுப்பினான்.

சும்மா போய்க் கொடியைத் தூக்க எனக்கு மனமில்லை. போன சனிக்கிழமை காலை பஸ்ஸில் மதுரைக்குப் போய் வாலிபால் நடுவர் தேர்வு எழுதிவிட்டு வந்தேன். நீளமான ஒரு வகுப்பறை. பெண் நான் ஒருத்திதான். வாசலில் ஒருவர், தங்கச்சி யாருக்குத் துணைக்கு வந்திருக்கிறது என்று கேட்டார். நுழைவுச் சீட்டைக் காட்டிவிட்டு என் எண் போட்ட பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். வினாத்தாளில் பன்னிரண்டாவது கேள்வி, எல்லைக்கோட்டைத் தொட்டு விழும் பந்தைப் பற்றியது. பேனாவை ஒருதரம் உதறிக்கொண்டேன். உள்ளே என்று எழுதிவிட்டுப் பதின்மூன்றாவது கேள்விக்குப் போனேன்.